மறதி நோய் இல்லம்: கட்டடத்தைப் பார்ப்பதா, உள்ளே நடப்பதைப் பார்ப்பதா?

எல்லையோர மகள் (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்) எழுதியது:

அம்மாவுக்கு 78 வயது. அல்சைமர் என்னும் மறதி நோய் என்று மருத்துவர் சொல்லிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இதுவரை வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம். இப்போது இரவில் தூங்குவதே இல்லை. தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு பொள்ளாச்சி ரோட்டுக்குப் போய்விடுகிறார். லாரிகள் ஓயாமல் போகும் ரோடு அது. அப்பா இதய நோயாளி, நான் வேலைக்குப் போகிறவள். இல்லத்தில் சேர்ப்பது என்று குடும்பமாக முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவு சரியா என்பதை இங்கே விவாதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு இல்லங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பாலக்காடு நகரத்தை ஒட்டியது. மூன்று மாடி, லிப்ட், ஏசி, எங்கும் கேமரா, பளபளக்கும் கிரானைட் தரை. அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். மற்றொன்று எங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளி, தென்னந்தோப்புக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம். பதினான்கு பேர். ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரும் அவருடைய கணவரும் நடத்துகிறார்கள். குளியலறை பழையது, வாசலில் ஒரு படி இருக்கிறது.

அண்ணனுக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. "இங்கே எல்லா வசதியும் இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது?" என்கிறார். என் மனம் இரண்டாவதில் போகிறது, ஆனால் அண்ணனிடம் எடுத்துச் சொல்லக் காரணம் வேண்டும். பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொல்லங்கோட்டுச் செவிலி எழுதியது:

சகோதரி, கேரள, தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இப்படிப்பட்ட இல்லங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். நமக்கு அறை இருட்டாக இருந்தால் விளக்கைப் போடுகிறோம். சத்தம் பொறுக்கவில்லை என்றால் எழுந்து போகிறோம். பசித்தால் அடுக்களையைத் தேடுகிறோம். மறதி நோய் முற்றியவரால் இதில் எதுவும் முடியாது. தன்னைச் சுற்றி இருப்பதை மாற்றிக்கொள்ளும் திறன் போனபிறகு, சுற்றி இருப்பதுதான் அவரை ஆள்கிறது. முதுமையியல் அறிஞர் பவல் லாட்டன் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொன்னது இதுதான்: ஒருவருடைய திறன் குறையக் குறைய அவருடைய நடத்தையில் சூழலின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

அதனால், ஒருவர் கத்துகிறார், அடிக்கிறார் என்றால் "நோய் முற்றிவிட்டது" என்று எழுதிவைப்பதற்கு முன்பு அந்த நேரத்தில் அவரைச் சுற்றி என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் விவசாயம் பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். குளிக்க வைக்கப் போனால் அடிப்பார். அவர் முரடர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் என்ன நடந்தது தெரியுமா? இரவு ஷிப்டு முடியுமுன் எல்லோரையும் குளிப்பாட்டிவிட வேண்டும் என்பது அங்கே விதி. விடியற்காலை ஐந்து மணிக்கு, அறிமுகமில்லாத இரண்டு பெண்கள் இருட்டில் வந்து வேட்டியை அவிழ்த்தால் எந்த ஆணுக்குத்தான் கோபம் வராது? நேரத்தைப் பதினொரு மணிக்கு மாற்றி, ஆண் உதவியாளர் ஒருவரை எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னோம். அடிப்பது நின்றது. மருந்தும் மாறவில்லை, கட்டடமும் மாறவில்லை.

பல இடங்களில் இதற்குப் பதிலாக மாத்திரை கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்கள். மனப்பிறழ்வுக்குத் தரும் மருந்துகளை மறதி நோயுள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2005இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. வேறு வழியில்லாத சிலருக்கு மருத்துவர் பார்த்துக் கொடுக்கலாம். ஆனால் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மதியம் மூன்று மணிக்குத் தலை தொங்கி உமிழ்நீர் வடிய இருந்தால், அந்த இல்லத்தில் ஆள் பற்றாக்குறையை மாத்திரையால் ஈடுகட்டுகிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

காலை பத்து மணிக்கு அழைத்துச் சுற்றிக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். மாலை நான்கிலிருந்து ஏழுவரை போய் உட்காருங்கள். பொழுது சாயும்போதுதான் இவர்களுக்குக் கலக்கம் கூடும், ஊழியர்களும் களைத்திருப்பார்கள். இல்லத்தின் உண்மையான முகம் அப்போதுதான் தெரியும்.

பொள்ளாச்சிக் கட்டடப் பொறியாளர் எழுதியது:

செவிலியர் அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் கட்டடத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம். என் மாமனாருக்காக இதைப் படிக்கத் தொடங்கி, பிறகு இரண்டு இல்லங்களுக்கு வரைபடமும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் அண்ணனுக்குப் பிடித்த கிரானைட் தரையையே எடுத்துக்கொள்வோம். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுப் பளபளக்கும்போது மறதி நோயுள்ளவர் கண்ணுக்கு அது தண்ணீர் தேங்கிய இடமாகத் தெரியலாம். கால் வைக்கத் தயங்குவார், அல்லது தாண்ட முயன்று விழுவார். வெளிர்நிறத் தரையில் கருப்பு மிதியடி போட்டால் பள்ளமாகத் தெரியும். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கமோடு என்று குளியலறை முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பார். உட்காரும் வளையத்தை மட்டும் அடர்நிறத்தில் மாற்றினால் போதும், செலவு சில நூறு ரூபாய்தான். படுக்கையில் இருந்து பார்த்தாலே கழிப்பறை கண்ணில் படவேண்டும். அது மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தால், அது இருப்பதே அவருக்கு நினைவில் இராது. பிறகு "சிறுநீர் அடக்க முடியவில்லை" என்று டையப்பர் மாட்டிவிடுவார்கள்.

வெளிச்சம் இன்னும் முக்கியம். 60 வயதுக்காரரின் விழித்திரையை அடையும் வெளிச்சம், 20 வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதுமான விளக்கு அவர்களுக்கு மங்கல். நெதர்லாந்தில் 12 இல்லங்களில் 189 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. பகல் முழுவதும் பொது அறையை ஏறத்தாழ 1000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பிரகாசமாக வைத்திருந்ததில் சிந்தனைத் திறன் சரியும் வேகம் ஓரளவு குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. நம் ஊரில் அதற்கு விளக்கே வேண்டாம். முற்றமும் திண்ணையும் போதும். திரைச்சீலை போட்டு மூடிய ஏசி ஹாலில் ஒரு குழல் விளக்கின் கீழ் நாள் முழுவதும் உட்கார வைத்தால், பகல் எது இரவு எது என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? உங்கள் அம்மா இரவில் தூங்காததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும்.

முற்றம் உள்ள வீட்டில் இன்னொரு நன்மை. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் 1974இல் மறதி நோயாளிகளுக்கென்றே ஒரு கட்டடம் திறந்தார்கள். மேலே சொன்ன லாட்டன்தான் அதன் பின்னணியில் இருந்தவர். நீண்ட நடைபாதையை விட்டுவிட்டு, நடுவில் பெரிய பொதுவெளி, அதைச் சுற்றி அறைகள் என்று அமைத்தார்கள். அறை வாசலில் நின்றாலே சாப்பிடும் இடமும் ஆட்களும் தெரியும், ஊழியர்களுக்கும் எல்லோரும் கண்ணில் படுவார்கள். நம் தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீடு அப்படித்தானே இருந்தது. ஒரே மாதிரி கதவுகள் வரிசையாக உள்ள மூன்று மாடி நடைபாதையில் அவர்கள் தொலைந்துபோகிறார்கள்.

ஆனால் ஓட்டு வீட்டுக்காரர்களிடம் ஒன்றை அவசியம் கேளுங்கள். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவு ஜன்னலை அறைந்துகொண்டே இருக்கும். காரணம் தெரியாத அந்தச் சத்தம் இவர்களைக் கடுமையாகக் கலவரப்படுத்தும். கதவுகளுக்குக் கொக்கியும் ரப்பரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாளையாறு வாசகர் எழுதியது:

எல்லோரும் ஓட்டு வீட்டைப் புகழ்கிறீர்கள். நான் மாறுபடுகிறேன். என் தந்தை இப்படிப்பட்ட "வீடு போன்ற" இல்லம் ஒன்றிலிருந்துதான் ஒரு இரவு வெளியேறினார். கேட்டைப் பூட்டவில்லை, கேமரா இல்லை, எந்த நேரத்தில் போனார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் ரயில் பாதை ஓரத்தில் காலில் காயத்தோடு கண்டுபிடித்தோம். உயிரோடு கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அன்பும் முற்றமும் இருந்து என்ன பயன்? அந்த அண்ணன் கேமராவையும் லிப்டையும் கேட்பதில் ஒரு தவறும் இல்லை. பாதுகாப்புக்குப் பிறகுதான் மற்றவை.

கொல்லங்கோட்டுச் செவிலி எழுதியது:

வாளையாறு ஐயா, நீங்கள் பட்ட வேதனையைச் சிறிதாக்க நான் முன்வரமாட்டேன். இரவில் யார் விழித்திருக்கிறார் என்று பதில் சொல்ல முடியாத இல்லத்தில் யாரையும் சேர்க்கக் கூடாது, அது ஓட்டு வீடானாலும் சரி, மாளிகையானாலும் சரி.

ஆனால் கேமரா போனவரைக் காட்டும், போகாமல் தடுக்காது. அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். மேலும், இவர்கள் காரணமில்லாமல் வெளியே போவதில்லை. பால் கறக்க நேரமாகிவிட்டது, பள்ளியிலிருந்து பிள்ளை வந்துவிடும் என்று ஏதோ ஒரு கடமையைத் தேடிப் போகிறார்கள். பகலில் நடக்க இடமும் செய்ய வேலையும் இருந்தால் இரவில் அந்தத் தேடல் குறைகிறது. சுற்றுச்சுவருக்குள் தோப்பில் சுற்றிவந்து மறுபடி வாசலுக்கே சேரும் பாதை ஒன்று இருந்தால் நல்லது. வெளிக் கதவைச் சுவரின் நிறத்திலேயே அடித்து, அதற்கு எதிர்ப்பக்கம் உட்காரும் இடத்தை வைத்தால் கண் அங்கே போகாது. கண்ணுக்கு நேராகப் பூட்டுத் தொங்கும் கேட் இருந்தால், அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டே நாள் முழுவதும் நிற்பார்கள். இரண்டாவது இல்லத்தில் சுற்றுச்சுவர் இருக்கிறதா, தோட்டத்துக் கிணற்றுக்குக் கம்பி வலை இருக்கிறதா என்று சகோதரி பார்க்க வேண்டும். தோப்பு என்றதும் எனக்கு முதலில் தோன்றியது கிணறுதான்.

நகரி நெசவாளர் மகன் எழுதியது:

ஆந்திரப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே யாரும் மொழியைப் பற்றிப் பேசவில்லையே. என் பெரியப்பா நகரியில் தறி வைத்து நடத்தியவர். வீட்டில் தமிழ், வியாபாரம் முழுவதும் தெலுங்கில். எங்களைவிட நன்றாகத் தெலுங்கு பேசுவார். நோய் வந்தபிறகு தெலுங்கு முதலில் போயிற்று. பின்னால் கற்ற மொழி முன்னால் போவது இந்த நோயில் பலருக்கும் நடக்கிறது என்று மருத்துவர் சொன்னார்.

அவரைச் சேர்த்த இல்லத்தில் ஊழியர் அனைவரும் தெலுங்கு மட்டும் பேசுபவர்கள். இடம் சுத்தமானது, உணவு தாராளம், யாரும் கைநீட்டியதில்லை. ஆனாலும் பெரியப்பா பேசுவதையே விட்டுவிட்டார். தண்ணீர் கேட்டால் அவர்களுக்குப் புரியவில்லை. புரியாததால் கேட்பதை நிறுத்தினார். தண்ணீர் குறைந்து சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. பிறகு திருத்தணிப் பக்கம் தமிழ் பேசும் ஓர் அம்மா நடத்தும் சிறிய இல்லத்துக்கு மாற்றினோம். அங்கே அவரைப் "பெரியப்பா" என்றே கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் பேச்சுத் திரும்பியது. முன்பு பேசிய அளவுக்கு இல்லை, ஆனால் பசிக்கிறது, வலிக்கிறது, வெளியே போகலாம் என்று சொல்லும் அளவுக்கு.

உங்கள் அம்மா மலையாளம் அறிந்தவராக இருக்கலாம். இன்று அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். இரவு ஷிப்டில் தமிழ் பேசும் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். சமையலையும் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் இட்லியும் புழுங்கலரிசிச் சோறும் சாப்பிட்டவர் தட்டில் தினமும் கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசிச் சோறு விழுந்தால், அவர் ஒதுக்கிவைப்பதை "சாப்பிட மறுக்கிறார்" என்று குறித்துவைப்பார்கள்.

சித்தூர் ஓய்வு ஆசிரியர் எழுதியது:

(பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் அல்ல.)

நல்ல விவாதம். ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். 1950களின் இறுதியில் கனடாவில் ராபர்ட் சொம்மர் என்ற உளவியலாளர் ஒரு முதியோர் வார்டைக் கவனித்தார். புதிதாக வண்ணம் பூசி, நல்ல நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார்கள், ஆனால் யாரும் யாரோடும் பேசவில்லை. நாற்காலிகள் எல்லாம் சுவரோரமாக வரிசையில் இருந்தன, பெருக்கித் துடைக்க அதுதான் வசதி. அவற்றை எடுத்துச் சிறிய மேசைகளைச் சுற்றிப் போட்டார்கள். பேச்சு ஏறத்தாழ இரு மடங்கானது. இன்றைக்கும் நம் பக்கத்து இல்லங்களில் சுவரோர வரிசையும் நடுவில் ஒரு டிவியும்தான். நாற்காலிகள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்த்தாலே அந்த இடம் யாருடைய வசதிக்காக நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் டாம் கிட்வுட் 1990களில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். நோயாளியை அவர் முன்னாலேயே வைத்துக்கொண்டு அவரைப் பற்றி மூன்றாம் ஆளிடம் பேசுவது, கேட்காமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவது, பொய் சொல்லி ஏமாற்றுவது, குழந்தையைப் போல நடத்துவது ஆகியவற்றை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் நாள்தோறும் சேர்ந்து அவை மனிதரைக் கரைக்கின்றன.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. கேரளத்தில் முதியோர் பங்கு அதிகம். இந்திய அல்சைமர் சங்கம் 1992இல் தொடங்கப்பட்டதும் கேரளத்தில்தான். மாநில அரசு 2014இல் மறதி நோயாளிகளுக்கான "ஸ்மிருதிபதம்" திட்டத்தை அச்சங்கத்தோடு சேர்ந்து தொடங்கியது. எல்லையோர மகள் அச்சங்கத்தின் அருகிலுள்ள கிளையை அணுகிப் பார்க்கலாம்.

பெயர் வேண்டாம் எழுதியது:

நான் இப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் இரவு ஷிப்டில் வேலை செய்கிறவள். முதலமடைக்காரி. எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

இரவில் ஒரு மாடிக்கு நான் ஒருத்தி. இருபது பேருக்கு மேல். ஒருவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எழுந்து நடப்பார். நான் அன்பாகப் பேசத் தெரியாதவள் அல்ல. பேச நின்றால் மற்றவர் விழுந்துவிடுவார். காலையில் மேலாளர் வந்து படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கிறதா, பதிவேடு நிரப்பியாகிவிட்டதா என்று பார்ப்பார். நேற்று இரவு ஓர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதற்குப் பதிவேட்டில் இடம் இல்லை. மேலாளர் எதைப் பார்த்துப் பாராட்டுகிறாரோ, அதைத்தான் எல்லோரும் செய்வார்கள்.

எங்களுக்கு உட்கார ஓர் அறை இல்லை. சம்பளம் தள்ளிப்போகும். புதிதாக வருகிறவர்கள் சில மாதங்களில் போய்விடுவார்கள். வருகிற முகம் எல்லாம் புதுமுகமானால் மறதி நோயுள்ளவர் யாரை நம்புவார்? இல்லத்தைப் பார்க்கப் போகிறவர்கள் உரிமையாளரிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். தரை துடைக்கிற அக்காவிடம் "எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அங்கே தங்கியிருக்கிற இரண்டு பேரைக் காட்டி, அவர்கள் முன்பு என்ன தொழில் செய்தார்கள், எதைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால் தைரியமாகச் சேர்க்கலாம்.

கொல்லங்கோட்டுச் செவிலி எழுதியது:

தங்கை எழுதியது முழு உண்மை. இந்த இழையிலேயே மிக முக்கியமான பதிவு இது. இங்கிலாந்தில் 69 இல்லங்களில் 847 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2018இல் வெளியானது. ஊழியர்களுக்கு ஆளை அறிந்து பராமரிக்கும் பயிற்சி கொடுத்து, ஒவ்வொருவரோடும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது அவருக்குப் பிடித்ததைப் பேசவும் செய்யவும் ஏற்பாடு செய்தார்கள். வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, கொந்தளிப்பு குறைந்தது, மொத்தச் செலவும் குறைந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கேட்கிறோம். அதற்கும் நேரமில்லாதபடி ஷிப்டு போடும் உரிமையாளரைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும், கைநடுங்க ஓடும் இந்தப் பெண்களை அல்ல.

எல்லையோர மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணனையும் அழைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் மாலை ஐந்து மணிக்குப் போனோம்.

நகரத்து இல்லத்தில் ஹாலில் டிவி உரக்க ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் சுவரோரமாகத்தான் இருந்தன. தமிழ் பேசும் ஊழியர் பகலில் இருக்கிறார், இரவில் இல்லை. குறை சொல்லும்படி யாரும் நடந்துகொள்ளவில்லை. ஆனால் அண்ணன் ஒரு பெரியவரைக் காட்டி இவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டபோது, ஊழியர் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

ஓட்டு வீட்டில் இரண்டு அம்மாக்கள் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். தோல் எது, பருப்பு எது என்று பிரிக்காமல் ஒரே முறத்தில் போட்டார்கள். சமையல் செய்யும் அக்கா வந்து எடுத்துக்கொண்டு போய், வேறு பிடி கொண்டுவந்து வைத்தார். அவர் அங்கே சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறதாம். இரவில் இரண்டு பேர் விழித்திருக்கிறார்கள், இருவரும் தமிழ் பேசும் வேலந்தாவளத்துக்காரர்கள். சுற்றுச்சுவர் இருக்கிறது. கிணற்றுக்கு வலை பாதிதான் போட்டிருந்தார்கள். வாளையாறு ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். வலையை முழுவதும் போட்டு, கேட்டுக்கு மணியும் வைத்த பிறகே அம்மாவை அழைத்துவருவோம் என்று சொல்லிவிட்டு வந்தோம், ஒப்புக்கொண்டார்கள். குளியலறைக் கைப்பிடிச் செலவை அண்ணன் ஏற்றுக்கொண்டார்.

பொறியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. வாசற்படி அரை அடி உயரம். அம்மாவுக்குக் கால் தூக்கி வைக்கச் சிரமம். சாய்தளம் போடச் சொல்லலாமா? எவ்வளவு நீளம் வேண்டும்?

பொள்ளாச்சிக் கட்டடப் பொறியாளர் எழுதியது:

தாராளமாகப் போடலாம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி நீளம் வேண்டும். அகலம் நான்கு அடி இருந்தால் ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். இரண்டு பக்கமும் கைப்பிடி அவசியம். சிமெண்டைச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள், டைல்ஸ் வேண்டாம். முக்கியமாக, தாழ்வாரத்தின் தரை என்ன நிறமோ அதே நிறத்தில் சாய்தளமும் இருக்கட்டும். நடுவில் கருப்புக் கோடு, கருப்பு ரப்பர் பட்டை எதுவும் ஒட்ட விடாதீர்கள். பள்ளம் என்று நினைத்து அம்மா அங்கேயே நின்றுவிடுவார்.